ஜோடி இல்லாத புள்ளி

செட்டிங் கேட்டீர்கள். இதோ தருகிறேன். அப்பர்ச்சர் 2.8. ஷட்டர் இருபது நொடி. ஐ.எஸ்.ஓ. 3200. ஒயிட் பேலன்ஸ் நாலாயிரம் கெல்வின் பக்கம். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் பளிச்சென்று இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் கையாட்டத்தைத் தடுக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அணையுங்கள். ஸ்டாண்டில் கேமரா, இரண்டு நொடி டைமர், ரா ஃபைல். முடிந்தது. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுக்கும் போட்டோகிராபர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற என்னையும் மரியாதைக்காக அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர், கம்ப்யூட்டரே உருவாக்கிக் கொடுத்த இரவு வானம் ஒன்றை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார்: "கமால் பாய் காலத்துல இதுக்குன்னு அமாவாசை அமாவாசையா காட்டுல போய் உக்காந்திருக்காங்க. பாவம்." அதற்கும் கீழே ஒருவர் என்னிடம் செட்டிங் கேட்டிருந்தார்.

கமால் பாய் நான்தான். அந்தப் 'பாவம்' எனக்கு உறைத்தது. பரிதாபப்பட என்னிடம் ஒன்றுமில்லை. மொபைல் இப்போது வானத்தை அருமையாக எடுக்கிறது. என் மருமகன் மொட்டை மாடியில் நின்று எடுத்த படத்தைப் பார்த்தேன். நான் மூன்று அமாவாசை செலவழித்து எடுத்ததற்கு அது ஒரு மாற்றும் குறைவில்லை. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது, பொறாமையும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. உங்கள் படத்தில் இருக்கும் ஒரு புள்ளியைக் காட்டி, "இது நட்சத்திரம்தானா?" என்று ஒருவன் கேட்டால் யார் பதில் சொல்வது? என்னிடம் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் தொழில் படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சேர்ந்தேன். அங்கே ஓர் அறை நீளத்துக்கு ஒரு பெரிய கேமரா உண்டு. பூ, பொம்மை, எழுத்து என்று வரைந்த டிசைன்களைப் படமெடுத்து ஃபிலிமாக மாற்றித் தருவது என் வேலை. சிவப்பு விளக்கில் எட்டு வருடம் கழிந்தது. பிறகு டிஜிட்டல் வந்தது, பெரிய கேமரா பழைய இரும்புக்குப் போனது, நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் போட்டோ பிரிவுக்குப் போனேன். வெள்ளை பனியனை வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான படம் என்று அன்று நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலின் முதல் பாடம் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இந்த ஊரில் கறுப்புத் துணியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது குற்றம். பஞ்சுத் தூசியாக இருக்கலாம், அச்சுக் கோளாறாக இருக்கலாம், யாராவது இருமிய எச்சிலாகக்கூட இருக்கலாம். காரணம் யாருக்கும் வேண்டாம். செக்கிங் மேஜையில் இருக்கும் பெண்கள் அந்தப் புள்ளியைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு பட்ட துணி தனியாகப் போய்விடும். கறுப்புத் துணியைக் கண்டதும் வெள்ளைப் புள்ளியைத் தேடும் கண்கள் எங்களுக்கு. மொத்த ஊருக்கும் அந்தக் கண்தான்.

எங்கள் மேனேஜர் நாச்சிமுத்து. ஆறடி உயரம், முழுக்கை வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் நூல் எண்ணும் சின்ன பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். எதைக் கொடுத்தாலும் முதலில் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார், பிறகு குனிந்து பார்ப்பார், பிறகுதான் பேசுவார். எந்தக் காகிதத்தையும் கீழிருந்து மேலாகப் படிப்பார். கையெழுத்து யாருடையது என்று தெரிந்த பிறகுதான் விஷயம் என்ன என்று பார்ப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். சாதாரணமாக "பாய், இது சரியில்ல" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "பாய், இது சரியில்லீங்களே." உச்சத்தில் இருக்கிறார் என்றால், "ஏனுங்க பாய், இது சரியாங்க, நீங்களே சொல்லுங்க." அந்த மூன்றாவது நிலையைக் கேட்டால் சொன்னதை உடனே செய்துவிடுவேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஏற்றுமதிக்கான தேதி தவறக் கூடாது என்பதே அவருக்கு வேதம். அந்த வேதத்துக்காக அவர் எதையும் விட்டுக் கொடுப்பார், மனிதர்கள் உட்பட.

ஒருமுறை குழந்தைகள் போட்டுத் தூங்கும் உடுப்புக்கு ஓர் ஆர்டர் வந்தது. கருநீலத் துணியில் நெஞ்சிலிருந்து அடிவரை இரவு வானம். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வரைந்த வானம் வேண்டாம், துணி எங்கே தைக்கப்படுகிறதோ அந்தப் பக்கத்து வானத்தின் நிஜப் படம் வேண்டும், அந்த விவரத்தை லேபிளிலும் அச்சடிக்க வேண்டும். பிள்ளை உடுத்தியிருக்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் அதைத் தைத்தவர்களின் தலைக்கு மேல் நிஜமாக இருந்த நட்சத்திரம் என்று லேபிள் சொல்லும்.

நாச்சிமுத்து என்னை மாடிக்குக் கூட்டிப் போய் மேலே காட்டினார். "நம்மூரு வானத்துல எங்கீங்க பாய் நட்சத்திரம்? நாலுதான் தெரியுது. நெட்டுல எதாச்சும் ஒண்ண எடுத்துப் போட்றலாங்களா?"

"நிஜம்னு லேபிள்ல போடறமுங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "லேபிளு நாமதானுங்க அடிக்கறோம்."

நான் சிரிக்கவில்லை. கார் கேட்டேன், கொடுத்தார்.

வெள்ளகோவில் தாண்டி ஒரு தோட்டம். ஊரின் வெளிச்சம் அங்கே மேற்கே ஓர் ஆரஞ்சுப் புகை போல அடிவானத்தோடு நின்றுவிடும். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, மோட்டார் ரூம் பல்பையும் அணைக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரண்டு குடுங்கன்னு கேட்டு வந்தவிய உண்டுங்க. ராத்திரிய இன்னுங் கொஞ்சம் இருட்டாக்கிப் போடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க" என்று சொல்லி அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

முதல் அமாவாசை வீண். லென்ஸ் வளையத்தில் முடிவிலிக் குறி இருக்கிறதே என்று அதை நம்பி வைத்தேன். அந்தக் குறி பொய் சொல்லும் என்று வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நட்சத்திரமெல்லாம் ஜவ்வரிசி போல உப்பியிருந்தது. இரண்டாவது அமாவாசை மேகம். தை மாதத்து அமாவாசையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. நடுவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் மிருகசீரிடத்துப் பக்கம், மேலே கொத்தாகக் கார்த்திகை. நொடிக் கணக்குக்கு ஒரு வழி உண்டு. ஐந்நூறை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். என் லென்ஸ் இருபது மில்லிமீட்டர், ஆகவே இருபத்தைந்து நொடி. அதைத் தாண்டினால் பூமி சுற்றுவதில் நட்சத்திரம் கோடாக இழுபடும். நான் இன்னும் ஐந்து நொடி குறைத்து இருபதில் வைத்தேன். கேமராவை அசைக்காமல் அடுத்தடுத்துப் படம் எடுத்துக்கொண்டே போனேன்.

அங்கேதான் என் தவறு. அதை நானே சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் திறந்திருக்கும்போது கேமராவின் சென்சார் சூடாகி, சில இடங்களில் தானாக வெள்ளைப் புள்ளியைப் போடும். அது வானத்தில் இல்லாத புள்ளி. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா கண்ணை மூடிக்கொண்டு அதே இருபது நொடிக்கு இன்னொரு படம் எடுக்கும். இருட்டில் எடுத்த அந்தப் படத்தில் ஏதாவது புள்ளி இருந்தால் அது கேமராவின் சொந்தச் சரக்கு, அதைக் கழித்துவிடும். இதனால் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் இரட்டிப்பாகும். கிழக்கே மேகம் ஏறி வந்தது. அது மூடுவதற்குள் நிறையப் படம் எடுத்துவிட, அந்த இரண்டாவது படம் எடுக்கும் வசதியை அணைத்தேன். கடைசியில் லென்ஸுக்கு மூடி போட்டு ஒரே ஒரு படம் நானாக எடுத்திருந்தாலும் போதும். பனியில் விரல் விறைத்திருந்தது, டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், எடுக்காமல் வந்துவிட்டேன்.

படம் ஃபிலிமாகி, ஃபிலிம் ஸ்க்ரீனாகிப் போனது. ஸ்க்ரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. அதன்மேல் பூச்சு பூசியிருக்கும், அச்சு விழ வேண்டிய இடத்தில் மட்டும் திறப்பு இருக்கும். தூசியாலோ பூச்சுக் குறையாலோ தேவையில்லாத இடத்தில் ஊசித் துளை விழுந்தால், அதன் வழியாக மை இறங்கித் துணியில் வெள்ளைப் புள்ளி வரும். ஸ்க்ரீனை விளக்கு மேஜையில் வைத்து அந்த ஊசித் துளைகளைத் தூரிகையால் அடைப்பதை டச்-அப் என்போம். எங்கள் கம்பெனியில் அதைச் செய்தவர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவர் இறந்த பிறகு இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தவர். தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் லைன் வீட்டில் ஓர் அறை. மூத்தவள் அந்த வருடம் பத்தாவது. பேச்சியம்மாள் கண்ணுக்குத் தப்பிய ஊசித் துளை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

அதனால்தான் முதல் சாம்பிள் அப்படி வந்தது. கருநீலத் துணியில் பெரிய நட்சத்திரங்கள் முப்பது நாற்பது நின்றன. மற்றதெல்லாம் சுத்தமான இருட்டு. கார்த்திகைக் கொத்து முழுசாகக் காணோம். ஸ்க்ரீன் ரூமுக்கு ஓடினேன்.

"அக்கா, நட்சத்திரமெல்லாம் எங்கக்கா?"

"எந்த நட்சத்திரம் அண்ணாச்சி?"

"சின்னச் சின்னப் புள்ளியா இருந்துச்சே."

பேச்சியம்மாள் பெருமையோடு நிமிர்ந்தார். "அதையா கேக்குதீங்க? காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஒண்ணு விடாம அடைச்சேன். இம்புட்டு ஊசித் துளை உள்ள ஸ்க்ரீன நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோட்டத்து வானத்தை ஒரே நாளில் தூரிகையால் அடைத்துவிட்டார். அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. பத்து வருடம் எதை அடை அடை என்று சொன்னோமோ அதைத்தான் அடைத்தார். புது ஸ்க்ரீன் போடச் சொன்னேன். அவரைப் பக்கத்தில் நிறுத்தி, நானே வாய் திறந்து சொன்னேன்: "இதுல ஒரு புள்ளியையும் தொடாதீங்கக்கா. ஃபிலிம்ல இருக்கற ஒவ்வொண்ணும் நட்சத்திரம். யாராச்சும் கேட்டா நான் பொறுப்பு." ஃபிலிமில் இல்லாத துளைகளை மட்டும் தேடி அடைத்தார். ஃபிலிமில் இருந்த எதையும் தொடவில்லை.

பாதிச் சரக்கு அச்சாகித் தைத்து முடிந்த நிலையில் பையர் சார்பில் ஆய்வுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும், வேலையில் கெட்டி. நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களுக்கு நடுவில், மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே, இருட்டான இடத்தில் நின்ற ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார். மற்றவை வட்டம், இது சதுரம் போல் இருக்கிறது என்றார். எல்லாத் துணியிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருவதால் இது ஸ்க்ரீனில் இருக்கும் ஊசித் துளை என்று எழுதி, சரக்கை நிறுத்தி வைத்தார்.

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நட்சத்திரமுங்க" என்றேன். அடித்துச் சொன்னேன். அன்று முழுவதும் யார் கேட்டாலும் நட்சத்திரம் என்றேன். என் படத்தில் பொய்ப் புள்ளி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கொடுத்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, கோளாறுக்குக் காரணம். மற்றது, எடுத்த நடவடிக்கை. மறுநாள் காலை நாச்சிமுத்து அதைப் பென்சிலால் நிரப்பி என் மேஜையில் வைத்தார். காரணம்: டச்-அப் ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டிசைன் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

"ஏனுங்க சார், அந்தம்மா என்ன பண்ணுச்சு? நான் தொடாதீங்கன்னு சொன்னேன், தொடல."

"தெரியுமுங்க பாய்." குரல் தணிந்தே இருந்தது. "ஸ்க்ரீனுல தப்புன்னா ஒரு ஆளோட போயிரும். படத்துலயே தப்புன்னா, நிஜ வானம்னு லேபிளு போட்டிருக்கறமுங்க, மொத்த ஆர்டரும் ஆட்டங் கண்டுருமுங்க. அந்தம்மாவ வேற யூனிட்டுல நானே பேசிச் சேத்தி உட்டர்றனுங்க."

"லைன் வீடு?"

அவர் படிவத்தின் ஓரத்தை நேராக்கினார். வேலை போனால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். மூத்தவளுக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தப் பழமொழியைப் படிவமாக அடித்து என் மேஜையில் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரமலான் பிறை பார்க்க அத்தா, என் அப்பா, எங்களை மாடிக்குக் கூட்டிப் போவார். பிறை தெரிந்தால் தெரிந்தது என்று சொல்லலாம். தெரியாவிட்டால், ஊரே தெரிந்ததாகச் சொன்னாலும், நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதில் அத்தா ஒரு தளர்வும் காட்ட மாட்டார். வானத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். "இதுல கையெழுத்துப் போடமாட்டனுங்க" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பி நகர்த்தினேன்.

"ஏனுங்க பாய், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது போகோணுங்க. நீங்களே ரோசன பண்ணுங்க" என்றார். மூன்றாவது நிலை. இம்முறை நான் படிவத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

நட்சத்திரம்தான் என்று நிரூபித்துவிட்டால் படிவமே வேண்டியதில்லை. அதற்கு ஒரு வழி தோன்றியது. அன்று கேமராவை அசைக்காமல் அடுத்தடுத்து எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. மூன்று நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் தேர்ந்து, இரண்டையும் ஃபிலிமாக எடுத்தேன். ஸ்க்ரீன் ரூமில் மஞ்சள் விளக்குக்கு அடியில் பேச்சியம்மாள் வேலை ஏதும் கொடுக்கப்படாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய விளக்கு மேஜையிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக ஃபிலிம்களை வைத்து, மூலைக் குறிகளைப் பொருத்தினேன்.

"மூணு நிமிஷத்துல வானம் நகர்ந்திருக்கும்க்கா. அதனால ஒவ்வொரு நட்சத்திரமும் ரெண்டு ரெண்டா தெரியணும். அந்தப் புள்ளிக்கும் ஜோடி இருந்தா அது நட்சத்திரம். நீங்களே பாருங்க. உங்க கண்ணுதான் நம்ம கம்பெனியிலயே நல்ல கண்ணு."

பேச்சியம்மாள் தூரிகையின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். இரண்டு, இரண்டு, இரண்டு. எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல. கார்த்திகை இரண்டு. மூன்று நட்சத்திர வரிசை இரண்டு. அவர் கை கீழே இறங்கி நின்றது.

"அண்ணாச்சி."

"சொல்லுங்கக்கா."

"இதுக்கு ஜோடி இல்ல."

குனிந்து பார்த்தேன். அந்தச் சதுரப் புள்ளி ஒன்றாகவே இருந்தது. இரண்டு ஃபிலிமிலும் அதே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தி. வானமெல்லாம் நகர்ந்திருக்கிறது, இது மட்டும் நகரவில்லை. என் அறைக்கு ஓடினேன். அந்தக் கேமராவை எடுத்து, லென்ஸுக்கு மூடி போட்டு, அதே செட்டிங்கில் இருபது நொடிப் படம் ஒன்று எடுத்தேன். கன்னங்கரேலென்ற அந்தப் படத்தில், அதே இடத்தில், அதே புள்ளி. மூடிக்குள் எங்கிருந்து வரும் நட்சத்திரம்?

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக எல்லோரிடமும் அடித்துப் பேசியது காதில் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம் அந்தக் கறுப்புப் படத்தை அழித்துவிடலாமா என்றும் தோன்றியது. அழித்தால் யாருக்கும் தெரியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று போய்விடும். பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றிருந்தார். கேமராத் திரையைத் திருப்பி அவரிடமே காட்டினேன்.

"கோளாறு என் கேமராவுல. அன்னிக்கே மூடி போட்டு ஒண்ணு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எடுக்கல."

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "ரெண்டு நாளா எம்மவ புஸ்தகத்தத் தொறக்கல அண்ணாச்சி. சாமான் கட்டவான்னு கேட்டுகிட்டு இருக்கா" என்றார்.

"நாளைக்குப் பேசறேன்."

"நாளைக்கு இல்ல. இப்ப வாங்க. நானும் வாரேன்."

இருவரும் போனோம். இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்துவின் அறையில் இருந்தார். கறுப்புப் படத்துக்கும் ஒரு ஃபிலிம் எடுத்துப் போயிருந்தேன், மூன்றையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, நாச்சிமுத்துவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்திருப்பார்.

"ஓகே சார், இது ஸ்க்ரீன் ஃபால்ட் இல்ல. ஆனா ஒண்ணு தப்புன்னா மத்தது? ரிஸ்க் வேண்டாம். மீதி பிரிண்ட்டுக்கு சின்ன டாட்ஸ் எல்லாத்தையும் அடைச்சிடுங்க, பெருசு மட்டும் இருக்கட்டும். நான் பாஸ் பண்ணிடறேன்."

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. "நல்ல ரோசனைங்க" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "பொய்ப் புள்ளி ஒண்ணு. அதக் காட்டிக் குடுத்தது நான். அச்சான துணியில அத மட்டும் சொரண்டி எடுங்க, ஸ்க்ரீனுல அத மட்டும் அடைங்க. மத்ததுக்கெல்லாம் ஜோடி இருக்குது, கண்ணாடியிலயே ஒட்டியிருக்கு, ஒவ்வொண்ணா பாத்துக்கங்க. உண்மையான ஒரு நட்சத்திரத்த அடைச்சாலும் லேபிளக் கிழிக்கோணும்."

"ஒரு புள்ளி பொய்யின்னு நீங்களே சொல்லிப்போட்டு, மீதிய நம்புங்கன்னா எப்படீங்க பாய் நம்பறது?" என்றார் நாச்சிமுத்து.

"பொய்யப் பொய்யின்னு சொன்னவன் சொல்றேன். வேற யார நம்புவீங்க?"

இன்ஸ்பெக்டர் மறுபடி ஜன்னலுக்குப் போனார். தன் பேனாவால் ஃபிலிமில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இருந்த புள்ளிகளை ஜோடி ஜோடியாகப் பார்த்து முடித்தார். "சரி, அந்த ஒண்ண மட்டும்" என்றார். பேச்சியம்மாள் உடனே கீழே இறங்கிப் போனார். ஒரே ஒரு தொடல். அன்று அவர் செய்த டச்-அப் அவ்வளவுதான்.

படிவம் மிச்சமிருந்தது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு நான் எழுதினேன். காரணம்: மூடி போட்ட படம் எடுக்காதது. எடுக்காதவர் போட்டோ பிரிவு கமாலுதீன். டச்-அப் ஆபரேட்டர் நான் சொன்னபடி சரியாகச் செய்தார். மற்ற புள்ளிகள் அனைத்தும் நட்சத்திரங்கள், அவற்றுக்கு மன்னிப்புக் கேட்க முடியாது.

நாச்சிமுத்து கீழிருந்து மேலாகப் படித்தார். "கடைசி வரிய எடுத்துப் போடுங்களே பாய்."

"எடுக்கமாட்டனுங்க."

"சரிங்க. இந்த ரெண்டாவது கட்டத்த வெறுமனே உட முடியாதுங்களே. நடவடிக்கைன்னு என்னமாச்சும் இருக்கோணுங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு எழுதக் கை வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. பேனாவை எடுத்து நானே எழுதினேன்: போட்டோ பிரிவிலிருந்து செக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார். கீழே கையெழுத்தும் போட்டேன்.

வீட்டில் கேட்டார்கள், ஏன் நீங்களே உங்களுக்குக் குழி வெட்டிக்கொண்டீர்கள் என்று. குழியாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் யாருடைய பெயராவது போயாக வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கிறார்கள். தவறு செய்தவன் பெயர் போயிற்று. இதில் தியாகம் ஏது, வீரம் ஏது? கணக்கு சரியாக முடிந்தது, அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் செக்கிங் மேஜையில் பெண்களோடு உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிக்கு அம்பு ஒட்டினேன். நன்றாகவே ஒட்டினேன். 'பாவம்' என்று எழுதியவர் தயவுசெய்து அதை அழித்துவிடவும்.

பேச்சியம்மாளின் மூத்தவள் பரீட்சை எழுதினாள். லைன் வீட்டிலிருந்துதான் எழுதப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு வானம் வந்தது. போட்டோ பிரிவில் எனக்குப் பிறகு வந்தவர் எடுத்த படம், புதுக் கேமரா, அருமையான படம். ஸ்க்ரீன் தயாராகி விளக்கு மேஜைக்குப் போனது. செக்கிங் மேஜைக்கும் ஸ்க்ரீன் ரூமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். சூப்பர்வைசர் உள்ளே போய் வந்தார், மறுபடி போய் வந்தார், பிறகு நாச்சிமுத்துவே இறங்கி வந்தார்.

"ஏனுங்கம்மா, மெசினு காத்துக்கிட்டு இருக்குதுங்க. ஸ்க்ரீன முடிச்சுக் குடுங்கம்மா."

பேச்சியம்மாள் தூரிகையைக் கழுவித் துணியில் துடைத்து, மேஜை மேல் நேராக வைத்தார்.

"மூடி போட்டு எடுத்த படம் எங்க சார்? அது வராம நான் ஒரு புள்ளியையும் அடைக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்."

நாச்சிமுத்து கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மூடி போட்டு எடுத்த படம் வந்தது. அதுவரை மெஷின் நின்றது.